நெருப்பு துரத்தியது! கடல் காத்தது!

2019-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. காலை நேரம். ஆனால் வெளிச்சம் இல்லை. நள்ளிரவுபோல் கும்மிருட்டு!

பிறகு அந்த இருட்டு மெல்ல மெல்லச் சிவந்தது. வானம் முழுவதும் ரத்தச் சிவப்பு.

இது நடந்த இடம் மல்லகூட்டா. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள சின்னஞ்சிறு கடற்கரை ஊர். விடுமுறையைக் கழிக்கப் பல குடும்பங்கள் அங்கே வந்திருந்தன. (நமக்கு மார்கழிக் குளிர் என்றால், அவர்களுக்கு அதுதான் கோடை.)

காட்டுத் தீ ஊரைச் சுற்றி வளைத்துவிட்டது. வெளியேறப் பாதை இல்லை. அபாயச் சங்கு ஊதியது. சுமார் 4 ஆயிரம் பேர் குழந்தை குட்டிகளுடன் கடற்கரைக்கு ஓடினார்கள். சிலர் படகில் ஏறி, தண்ணீரின் நடுவே போய் நின்றார்கள்.

நல்லவேளை, காற்று திசை மாறியது! ஊரின் பெரும்பகுதி தப்பியது. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாகிவிட்டன.

கப்பல் வந்தது

ஜனவரி 3-ந் தேதி "சூல்ஸ்" என்ற கடற்படைக் கப்பல், சுமார் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கூடவே அவர்களுடைய நாய்களும் போயின! வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் விமானத்தில் அனுப்ப ஏற்பாடாயிற்று. புகை மூட்டத்தால் விமானங்கள் பறக்க முடியாமல், அவர்கள் காத்துக் கிடக்க நேர்ந்தது.

தைல மரம் செய்த வேலை

ஆஸ்திரேலியாவில் வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டு என்று 2019 பதிவாகியிருக்கிறது. காடெல்லாம் காய்ந்த சுள்ளி.

அங்குள்ள காடுகளில் பெரும்பாலும் யூகலிப்டஸ் மரங்கள். வேறொன்றும் இல்லை, சளி பிடித்தால் நாம் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலம் எடுக்கிறோமே, அந்த மரந்தான். நீலகிரிக்கு அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இலையில் எண்ணெய் இருப்பதால் சடசடவென்று பற்றிக்கொள்ளும். பட்டை நார்நாராக உரிந்து, எரிந்தபடியே காற்றில் பறக்கும். அது போய் விழும் இடத்தில் புதிய தீ! பல மைல் தூரத்தில்கூட இப்படித் தீப்பிடிக்கும்.

சிட்னிக்கு வடமேற்கே ஒரே ஒரு மின்னல். அதில் பிறந்த ஒரு தீ மட்டும் 12 லட்சம் ஏக்கருக்கு மேல் அழித்தது.

புகையே எமன்

தீயில் 33 பேர் மாண்டார்கள். 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நாடு முழுவதும் எரிந்த பரப்பு சுமார் 6 கோடி ஏக்கர்!

ஆனால் தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது. புகையால் 400 பேருக்கு மேல் இறந்திருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. தீயையே பார்க்காத நகரவாசிகளும் கதவு இடுக்கில் ஈரத் துணியைத் திணித்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள்.

சம்பளம் இல்லாத வீரர்கள்

தீயை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். விவசாயி, தச்சர், வாத்தியார் என்று பல தொழில் செய்கிறவர்கள். டிசம்பர் 19-ந் தேதி மரம் விழுந்து வண்டி கவிழ்ந்ததில் இரண்டு தொண்டர்கள் பலியானார்கள். இருவரும் கைக்குழந்தையின் தகப்பன்மார்.

உதவி குவிந்தது

செலஸ்ட் பார்பர் என்ற ஹாஸ்ய நடிகை, 30 ஆயிரம் டாலர் வேண்டும் என்று கேட்டார். வந்து குவிந்தது 5 கோடி டாலருக்கு மேல்! ஆனால் ஒரு சிக்கல். அவர் பெயர் குறிப்பிட்டது தீயணைப்புத் தொண்டர்களின் நிதியை. எனவே, அந்தப் பணத்தை வேறு தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுக்க வழியில்லை என்று 2020 மே மாதம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வீடு இழந்தவர்களுக்கும் சேரும் என்று நம்பிப் பணம் போட்டவர்களுக்கு ஏமாற்றந்தான். கொடுக்கும்போதே யாருக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுப்பது எவ்வளவு அவசியம்!

பேர்ன்ஸ்டேல் என்ற ஊரில் சீக்கியத் தொண்டர்கள் அடுப்பு மூட்டினார்கள். வீடு இழந்து வந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறும் குழம்பும் இலவசம்.

பாறை வாலபி என்ற கங்காரு இனப் பிராணிகளுக்குத் தின்னப் புல் இல்லை. சர்க்கார் ஹெலிகாப்டரில் காரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொண்டுபோய் வானத்திலிருந்து கொட்டியது!

வேலி கட்டும் கூட்டம்

2020 பிப்ரவரியில் பெருமழை கொட்டித் தீயை அடக்கியது. அதற்குப் பிறகுதான் "பிளேஸ் எய்டு" கூட்டத்தாருக்கு வேலை அதிகம். 2009-ம் ஆண்டுத் தீயில் வேலியை இழந்த ஒரு விவசாயத் தம்பதி தொடங்கிய சங்கம் இது. எரிந்த வேலியை இலவசமாகக் கட்டித் தருவார்கள்.

வேலிதானே என்று நினைக்கலாம். வேலி இல்லாவிட்டால் தப்பிய ஆடுமாடுகளும் ரோட்டில் அலையும். மைல் கணக்கில் கம்பி கட்டத் தனி ஆளால் ஆகுமா?

தொண்டர்கள் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். விவசாயியோடு சேர்ந்தே கம்பம் நடுகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள். தீ வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மனிதர், கையில் குறடைப் பிடித்துக்கொண்டு, அன்று என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். அவர்கள் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.