முதுகில் ஏன் குழி?

கோல்ஃப் பந்து, அயர்ன் மட்டையின் நடுவில் படாமல் நுனியில் பட்டால் மட்டையின் தலை திருகிக்கொள்ளும்; தூரமும் திசையும் கெடும். தலையின் முதுகைக் குடைந்து அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் திருகல் குறையும். எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்தத் தூரத்தின் இருமடிக்கேற்பத் திருகலுக்கான எதிர்ப்பு கூடும். இந்த வடிவமைப்பைப் பரப்பியவர் பிங் நிறுவனர், பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம்.

ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கேட்பது சிறிய தலை, மெல்லிய அடிப்பாகம், அடித்து உருவாக்கிய கார்பன் குறைந்த எஃகு. அதை வளைத்துக் கோணம் திருத்துவது சுலபம். அதில் அடித்தால் கைக்கு ‘மென்மை’ என்கிறார்களே, அதுதான் வேடிக்கை! பந்து மட்டையைத் தொட்டிருப்பது சுமார் 0.0005 விநாடி. அதிர்வு கைக்கு எட்டுமுன் பந்து போய்விடும். மென்மையில் பெரும்பங்கு ஓசைதான் என்பேன். ஆகவே மட்டையைச் சோதிக்கும்போது நல்ல அடிகளை விட்டுவிடுங்கள். நுனியில் பட்டவை எத்தனை கஜம் குறைகின்றன என்று பாருங்கள்.