வளவுக் காய்கறியில் ஒரு பால்கறி

மன்னார்த் தீவின் மணல் நிலத்துக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே கிடைக்கிறது. அந்த ஈரத்தில் வளவுத் தோட்டத்தில் காய்க்கும் கத்தரி, பூசணி, பயற்றங்காய், முருங்கைக்காய் எதுவும் பால்கறிக்கு ஏற்றது.

தேங்காய்ப்பூவை முதலில் பிழிந்தால் வரும் கெட்டியான முதற்பாலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்த பாலில் காய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், உப்பு சேர்த்து அவிக்கலாம். முருங்கைக்காய் வேக நேரமெடுக்கும்; அதை முதலிலும் பூசணியைப் பிறகும் போடுவது நல்லது.

காய் வெந்ததும் முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி சட்டியை இறக்கிய பின்பே. சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் இது பொருத்தமான கறி.