சொல்லாமல் விட்ட ஒரு வரி

நம் காலனியில் நடவு வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்கு விடாத இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டோம். "ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போவுது. பயமா இருக்கு" என்றார்.

அது ரத்தம் அல்ல. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அதனால் கெடுதல் இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்தபோது இந்த ஒரு வரியை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"படிக்காத சனம், சொன்னாலும் புரியாது" என்பார்கள். எந்தப் பட்டத்தில் எந்த நெல், எத்தனையாம் நாள் களை என்று விரல்விட்டுச் சொல்பவருக்கா இது புரியாது?

அவராவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாற்காலியில் இருப்பவரிடம் கேள்வி கேட்டால் 'எதிர்த்துப் பேசுகிறாயா' என்ற அதட்டலையே தலைமுறைகளாகக் கேட்டவர்கள் நாம். ஊர்த்தெருவில் கைகட்டி நிற்க வைத்த அந்தப் பழக்கம், ஆஸ்பத்திரியிலும் நம் வாயைக் கட்டிவிடுகிறது.

காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது மருத்துவருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால், மாத்திரை தருபவரும் செவிலியரும் சொல்லலாமே. சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சில வாரங்களில் இருமல் குறைந்துவிடும். அப்போது நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். இடையில் சளிப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சிகிச்சை முடிந்தது என்று பொருளல்ல. சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம் இதைச் சொல்கிறது. விளக்கம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

படிக்கும் தம்பி, தங்கைகளே! அம்மாவோடு, பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன நோய்? எத்தனை நாள் மருந்து? சாப்பிட்டால் உடம்பில் என்ன மாற்றம் தெரியும்? மறுபடி எப்போது வர வேண்டும்? பதிலைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவை மறுபடி அழைத்துப்போனோம். ஒரு செவிலியர் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இப்போது ஒரு வேளையும் தவறாமல் சாப்பிடுகிறார். வரும் வழியில் அவர் கேட்டது இது:

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் நிறுத்தப்போறேன்?"