9 கிராம் ஏவலன்

எடை 9 கிராம். நீளம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர், அகலம் 12. ஒளி ஊடுருவும் நீலநிற நெகிழிப் பெட்டியிலிருந்து பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள் என மூன்று கம்பிகள் நீளும். எஸ்ஜி90 என்னும் இந்தச் சிறு சர்வோவைக் கையாளாத எந்திரன் ஆர்வலர் அரியர்.

சர்வோ என்னும் சொல் பிறந்தது கப்பலில். பெருங்கப்பல்களின் சுக்கான் மனிதக் கைக்கு அடங்காமற் போன காலத்தில், அதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் ழோசப் ஃபார்க்கோ. மாலுமி சிறு பிடியொன்றைத் திருப்பி நிறுத்துவார். நீராவி எந்திரம் சுக்கானைத் தள்ளும். சுக்கான் அந்தப் பிடிக்கு ஒத்த நிலையை எட்டியதும் நீராவியின் வழி தானே அடைபடும். 1873இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சர்வோ மோட்டார் என்னும் பெயர் நின்றது. இலத்தீனில் செர்வுஸ் என்றால் அடிமை.

எளிய மின்னோடிக்கு மின்சாரம் தந்தால் சுற்றும். தான் எங்கு நிற்கிறோம் என்பதை அது அறியாது. சர்வோவின் வயிற்றுக்குள் இருப்பதும் அத்தகைய மின்னோடிதான். ஆனால் பற்சக்கரத் தொடர் ஒன்று அதன் விரைவைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. கடைசிச் சக்கரத்தின் அச்சோடு ஒரு மாறுமின்தடை பிணைந்திருக்கிறது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகினோமே, அதே உறுப்பு. அச்சு திரும்பும்போது அதன் நடுமுனையின் மின்னழுத்தமும் மாறும். சர்வோவின் கண் அதுவே.

கட்டளை செம்மஞ்சள் கம்பி வழியே வருகிறது. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. சொல்ல வேண்டியது அத்துடிப்பு நீடிக்கும் நேரத்தில் பொதிந்திருக்கிறது. 1.5 மில்லிநொடி என்றால் நடுநிலை. 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். ஏட்டுக் கணக்கு இது. மலிவான சர்வோ 180 பாகையும் திரும்ப, 0.5 முதல் 2.4 மில்லிநொடி வரை போக நேரிடும். ஒவ்வொன்றையும் தனியே சோதித்து அறிவதே முறை. உள்ளிருக்கும் மின்சுற்று, அச்சின் நிலைக்கேற்பத் தானும் ஒரு துடிப்பை ஆக்கி, வந்த துடிப்போடு ஒப்பிடுகிறது. எஞ்சும் வேறுபாடு மின்னோடியை உரிய பக்கம் ஓட்டும். வேறுபாடு தேய்ந்ததும் அச்சு நிற்கும். விரலால் தள்ளினால் முரண்டு பிடிக்கும்.

மாதிரி வானூர்தியின் இறகு மடல், சிறு ஒளிப்படக் கருவியின் கழுத்து, தடையுணரும் எந்திர வண்டியின் தலை என இதன் பணியிடங்கள் பல. எந்திரக் கை கட்டுவோர்தாம் இதனிடம் அதிகம் ஏமாறுகிறார்கள். 4.8 வோல்ட்டில் இதன் முறுக்குவிசை 1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர். அச்சிலிருந்து 1 சென்டிமீட்டரில் 1.8 கிலோவைத் தாங்கும் விசை, 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 180 கிராமாகச் சுருங்கிவிடும். அதுவும் அச்சு அசையமாட்டாமல் முடங்கும் எல்லை. கையின் சொந்த எடையையும் அதில் கழித்தாக வேண்டும்.

அறுகால் எந்திரப் பூச்சிக்குக் காலுக்கு 3 வீதம் 18 சர்வோக்கள் வேண்டும். முடங்கும் வேளையில் ஒவ்வொன்றும் அரை ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். கட்டளை அனுப்பும் ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட் முனையிலேயே இவற்றை மாட்டுவோர் உண்டு. பூச்சி எழுந்து நிற்க முயலும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, பலகை மயங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நிரலில் பிழை தேடி இரவு கழியும். சர்வோக்களுக்கு மின்கலத்தைத் தனியே வைத்து, பலகையோடு எதிர்மின்முனைகளை மட்டும் இணைத்திருந்தால் தூங்கியிருக்கலாம்.

இதனினும் நுட்பமான குறையொன்று உண்டு. பழுப்பும் சிவப்பும் மின்சாரத்துக்கு, செம்மஞ்சள் கட்டளைக்கு. விடை கொண்டுவரக் கம்பியே இல்லை. 90 பாகைக்குத் திரும்பச் சொன்ன நிரல், அச்சு அங்கே சேர்ந்ததா, இடையில் எதிலேனும் சிக்கியதா என்பதை அறியாது. பிழையைக் காணும் கண் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. இது பொறாத ஆர்வலர் சிலர், அடியிலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றி, மாறுமின்தடையின் நடுமுனையில் நான்காவதாக ஒரு கம்பியைப் பற்றவைத்து வெளியே இழுத்துவிடுகிறார்கள்.