கோடு இழுத்தும் கணினிக்கு வேலை சொல்லலாம்!
(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் மென்பொருள் வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



கணினிக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று கேட்டால் நம்மில் பலர் உடனே கையை விரித்து விடுவோம். புரியாத குறிகளை வரி வரியாகத் தட்டச்சு செய்யும் வேலை அது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், ஒரு வரிகூட எழுதாமல் பெட்டிகளை வைத்து, அவற்றுக்கிடையே கோடு இழுத்தே நிரல் அமைக்கும் முறையும் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சிறு வேலை. அதை 'நோட்' என்பார்கள். நாம் 'கணு' என்று சொல்லலாம். கரும்பில் கணுவுக்குக் கணு தொடர்ந்து போவதைப் போல இங்கே வேலைக்கு வேலை தொடர்ந்து போகிறது.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வில்லியம் சதர்லாந்து என்பவர், திரையில் படம் வரைந்து நிரல் அமைக்கும் முறையை 1966-இல் தம் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்து காட்டினார். 1986-இல் பொறியியலாளர்களுக்காக 'லேப்வியூ' வந்தது. பாரிஸ் நகரின் 'இர்காம்' இசை ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் என்பவர் அதே எண்பதுகளில் இசைக்காக 'மேக்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 2014-இல் வெளிவந்த 'அன்ரியல் என்ஜின் 4', கணினி விளையாட்டு செய்வோருக்கு 'புளூபிரிண்ட்' முறையைத் தந்தது. இலவசமாகக் கிடைக்கும் 'பிளெண்டர்' மென்பொருளில் 2021 முதல் உருவங்களையே கணுக்களால் அமைக்க முடிகிறது.

இத்தகைய மென்பொருளை எப்படி வடிவமைக்கிறார்கள்? வெளியே அழகான பெட்டிகள் தெரிகின்றன. உள்ளே என்ன நடக்கிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தேநீர்க் கடையில் ஒரு பாடம்

நமக்குப் பழக்கமான தேநீர்க் கடைக்குப் போவோம். வெந்நீர் ஒரு கணு. தேயிலைத்தூள் ஒரு கணு. இரண்டிலிருந்தும் கோடு புறப்பட்டு 'வடி' என்ற கணுவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து சாயம் வெளிவருகிறது. சாயத்திலிருந்து ஒரு கோடு 'பால் சேர்' என்ற கணுவுக்குப் போகிறது. கெட்டிப்பாலும் அங்கே வந்து சேர்கிறது. அடுத்து 'இழு'. தே தாரிக் தயார். அதே சாயத்திலிருந்து இன்னொரு கோடு 'சீனி சேர்' என்ற கணுவுக்குப் போனால் தே ஓ தயார்.

இந்தச் சிறு படத்திலேயே வடிவமைப்பாளர் தீர்க்க வேண்டிய கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி, எதை முதலில் செய்வது? நமக்குத் தெரியும், வடிக்காமல் பால் சேர்க்க முடியாது. கணினிக்கு அது தெரியாது. அதற்கு ஆர்தர் கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட எளிய வழி இன்றும் பயன்படுகிறது. யாருக்காகவும் காத்திருக்காத கணுக்களை முதலில் எடு. அவற்றின் வேலையை முடித்து, அவற்றிலிருந்து புறப்படும் கோடுகளை அழித்துவிடு. இப்போது புதிதாக யார் காத்திருக்கத் தேவையில்லாமல் ஆனார்களோ, அவர்களை எடு. இப்படியே போனால் எல்லாம் வரிசைப்படி முடிந்துவிடும்.

சில கணுக்கள் மீதமிருந்தும் எடுக்க ஒன்றுமே இல்லை என்றால்? அங்கே ஒரு வட்டம் இருக்கிறது என்று பொருள். கையெழுத்து வந்தால்தான் பணம் கட்டலாம் என்கிறது ஒரு முகப்பு. பணம் கட்டினால்தான் கையெழுத்து என்கிறது அடுத்த முகப்பு. இடையில் நாம் நிற்கிறோம்! கணினியும் அப்படித்தான் நின்றுவிடும். ஆகவே, வட்டம் உண்டாக்கும் கோட்டைப் பயனர் இழுக்கும்போதே மென்பொருள் தடுக்க வேண்டும். ஏன் தடுத்தது என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஒன்றை மாற்றினால் எவ்வளவு வேலையைத் திரும்பச் செய்வது? வாடிக்கையாளர் பாலைக் குறைக்கச் சொன்னால் யாரும் மறுபடியும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. பால் சேர்ப்பதிலிருந்து தொடங்கினால் போதும். தே ஓ குடிப்பவருக்கு இதில் எந்தத் தாமதமும் இல்லை. நல்ல கணு மென்பொருளும் ஒவ்வொரு கணுவின் விடையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கணுவில் மாற்றம் நேர்ந்தால், அதற்குப் பின்னால் வருபவற்றை மட்டும் 'பழையது' என்று குறித்துக்கொள்ளும். யாராவது விடையைக் கேட்கும்போது, பழையதானவற்றை மட்டும் மீண்டும் கணக்கிடும். எக்செல் அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்தவை மட்டும் மாறுவதும் இதே முறையில்தான்.

நிறம் சொல்லும் செய்தி

மூன்றாவது, எந்தக் கோட்டை எங்கே செருகலாம்? எண் வர வேண்டிய இடத்தில் படத்தைச் செருகினால் என்ன ஆவது? அதனால் ஒவ்வொரு கணுவின் உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் ஒரு வகை உண்டு. பிளெண்டரில் எண்ணுக்குச் சாம்பல் நிறம், வண்ணத்துக்கு மஞ்சள், திசையுள்ள அளவுக்கு ஊதா. நிறத்தைப் பார்த்தே எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோட்டில் ஓடுவது என்ன? லேப்வியூவில் பொருள் ஓடுகிறது. தேவையான எல்லாம் வந்து சேர்ந்ததும் கணு தானே வேலையைத் தொடங்கும். புளூபிரிண்டில் அதோடு 'இதற்குப் பிறகு இது' என்ற கட்டளைக்கென்று தனியாக ஒரு வெள்ளைக் கோடும் உண்டு. கணக்குக்கும் படத்துக்கும் முதல் முறை போதும். கதவு திற, பிறகு மணி அடி என்று நிகழ்ச்சிகளைச் சொல்ல இரண்டாவது முறை தேவை. எது வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் பின்னால் திண்டாட வேண்டியதுதான்.

நான் செய்த தவறு

இதுவரை சொன்னவை புத்தகத்திலும் கிடைக்கும். புத்தகம் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தொழிற்சாலைக்காக நான் இத்தகைய மென்பொருள் ஒன்றைச் செய்து கொடுத்தேன். அலுவலகப் பணியாளரே கோடு இழுத்துச் சம்பளக் கணக்கை அமைத்துக்கொள்ளலாம். கூடுதல் நேரச் சம்பளத்துக்கு ஒரு கணு. அதற்கு இரண்டு உள்வாயில்கள். முதலாவது, சாதாரண நாளில் செய்த கூடுதல் நேரம். சம்பளம் ஒன்றரை மடங்கு. இரண்டாவது, பொது விடுமுறை நாளில் செய்த கூடுதல் நேரம். சம்பளம் மூன்று மடங்கு.

பிறகு, வார ஓய்வு நாளுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். அதற்கு இரண்டு மடங்கு. நான் அதை நடுவில் சேர்த்துப் புதிய பதிப்பைக் கொடுத்தேன். பார்வைக்கு வரிசை அழகாக இருந்தது.

ஆனால், கோடுகளைச் சேமித்தபோது 'இரண்டாவது வாயில்' என்று எண்ணைத்தான் நான் எழுதி வைத்திருந்தேன். வாயிலின் பெயரை எழுதவில்லை. பழைய கோப்பைத் திறந்ததும், பொது விடுமுறைக்கான கோடு போய் ஓய்வு நாள் வாயிலில் உட்கார்ந்துகொண்டது. இரண்டிலும் ஓடுவது மணிக்கணக்குதான் என்பதால் நிறமும் காட்டிக் கொடுக்கவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மணிக்கு 6 வெள்ளி சம்பளம் வாங்குபவர் 4 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 72 வெள்ளி கிடைக்க வேண்டும். 48 வெள்ளிதான் கிடைத்தது.

பெருநாள் விடுமுறையிலும் வந்து உழைத்த ஒரு தொழிலாளி, சம்பளச் சீட்டையும் கையால் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால், 24 வெள்ளி குறைகிறது என்று தெரியும். குறைந்த பணம் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும், அந்தச் சீட்டை நான் மறக்கவில்லை.

அன்று கற்றது இதுதான். ஒவ்வொரு கணுவுக்கும், ஒவ்வொரு வாயிலுக்கும் என்றும் மாறாத ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். திரையில் அதன் இடமும் பெயரும் மாறலாம், அடையாளம் மாறக்கூடாது. கோப்பில் பதிப்பு எண்ணை எழுத வேண்டும். தெரியாத கணு வந்தால் ஓசையின்றி அழித்துவிடாமல், 'இது எனக்குப் புரியவில்லை' என்று சிவப்பில் காட்டி அப்படியே வைத்திருக்க வேண்டும். நின்றுவிடும் மென்பொருளைவிட, தவறான விடையை அமைதியாகச் சொல்லும் மென்பொருள் ஆபத்தானது.

மீ தட்டு ஆகாமல் இருக்க

படமாக இருந்தால் எளிதில் புரியும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியல்ல. தாமஸ் கிரீன், மரியான் பீட்ரே என்ற இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், லேப்வியூ படங்களைப் படித்துப் புரிந்துகொள்ள, அதே நிரலை எழுத்தில் படிப்பதைவிட அதிக நேரம் பிடித்ததாகக் கண்டார்கள். பத்துக் கணுக்கள் இருந்தால் ஓவியம். இருநூறு கணுக்கள் இருந்தால் தட்டில் கொட்டிய மீ! எந்த இழை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து, தொகுப்பு. பல கணுக்களைச் சேர்த்து ஒரே கணுவாக்கிப் பெயர் வைக்கலாம். 'வெந்நீர், தேயிலை, வடி' மூன்றையும் 'சாயம்' என்று மடித்துவிடலாம். தேவைப்படும்போது திறந்து பார்க்கலாம். குறிப்பு எழுத இடம், செய்ததைத் திரும்பப் பெறும் வசதி, நடுவில் எந்தக் கோட்டைத் தொட்டாலும் அதில் ஓடும் மதிப்பைக் காட்டும் வசதி, இம்மூன்றும் கட்டாயம் வேண்டும்.

ஒரு தாயின் கேள்வி

அரங்கில் இருந்த ஒரு தாயார் கேட்டார்: "என் மகன் பெட்டிகளை இழுத்து ஏதோ செய்கிறான். விளையாட்டா, படிப்பா? இது அவனுக்குச் சோறு போடுமா?"

அம்மா, இரண்டும்தான். திரைப்படக் காட்சிகளுக்கு மெருகூட்டுவோரும் விளையாட்டு உருவாக்குவோரும் இன்று கணுக்களைக் கொண்டே வேலை செய்கிறார்கள். ஆனால், அவன் கற்க வேண்டியது பெட்டி இழுப்பதை அல்ல. ஒரு பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, எது எதற்குக் காத்திருக்கிறது என்று பார்ப்பது, வந்த விடையைச் சோதிப்பது, இவையே பாடம். அது கைவந்தால் நாளை எழுத்து நிரலுக்கு மாறுவதும் கடினமல்ல.

இன்று வீட்டுக்குப் போனதும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கோட்டைத் தொட்டு, "இதில் இப்போது என்ன ஓடுகிறது?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் படிக்கிறான் என்று பொருள். பதில் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து ஒரு தாளில் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொழிலாளி செய்ததும் அதுதான்.