மைத்தடத்தில் மனநோய் தெரியுமா? புறத்தேற்றுச் சோதனைகளின் பயனும் எல்லையும்

மீனாட்சிபுரம்: மைத்தடப் படங்களைக் காட்டி, 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்கும் உளவியல் சோதனை, மனநோயைத் தனியாக உறுதி செய்வதில்லை. நோயாளியின் சிந்தனை ஓட்டத்தை அறியத் துணைபுரியும் கருவிகளுள் அதுவும் ஒன்று. நோயாளி சொல்லும் சொற்களே இச்சோதனையின் சான்று என்பதால், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கேரள எல்லைப் பகுதிகளில் அது எந்த மொழியில் நடத்தப்படுகிறது என்பதும் முக்கியமாகிறது.

புறத்தேற்றுச் சோதனை என்பது என்ன?

தெளிவற்ற படத்தையோ முடிவு பெறாத வாக்கியத்தையோ ஒருவரிடம் கொடுத்தால், அவர் தமது அச்சம், விருப்பம், நினைவுகளைக் கொண்டே அதற்குப் பொருள் தருவார் என்பதே இதன் அடிப்படை.

ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட மைத்தடச் சோதனையில் 10 அட்டைகள் உள்ளன. அவற்றுள் 5 கறுப்பு வெள்ளையாகவும், 2 சிவப்பு கலந்தும், 3 பல வண்ணங்களிலும் அமைந்தவை. என்ன தெரிகிறது என்பதோடு, படத்தின் எந்தப் பகுதி அப்படித் தெரிந்தது, சொன்ன உருவம் அதனுடன் பொருந்துகிறதா என்பதும் மதிப்பிடப்படும்.

படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் செய்யும் 'டி.ஏ.டி.' சோதனையை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி மர்ரே, கிறிஸ்டியானா மோர்கன் ஆகியோர் 1930-களில் உருவாக்கினர். இந்தியச் சூழலுக்கு ஏற்ற வடிவத்தை உமா சௌத்ரி 1960-இல் வெளியிட்டார். ராணுவ அதிகாரிகளுக்கான எஸ்.எஸ்.பி. தேர்விலும் படக்கதைச் சோதனை உண்டு. ஆனால் அங்கு ஆராயப்படுவது பணிக்கான தகுதி, நோய் அன்று.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்காட் லிலியன்ஃபெல்ட், ஜேம்ஸ் வுட், ஹோவர்ட் கார்ப் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரையில், இச்சோதனைகளின் பெரும்பாலான அளவீடுகளுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்றனர். நலமாக இருப்பவரையும் நோயுற்றவராகக் காட்டிவிடும் அபாயம் மைத்தடச் சோதனையில் உண்டு என்பதும் விமர்சகர்களின் முக்கியக் குற்றச்சாட்டு.

ஜோனி மிஹுரா தலைமையிலான குழு 2013-இல் மைத்தடச் சோதனையின் 65 அளவீடுகளை மறு ஆய்வு செய்தது. சிந்தனைக் குழப்பம், புலனுணர்வுப் பிறழ்ச்சி ஆகியவற்றை அறியும் அளவீடுகளுக்கு வலுவான சான்று கிடைத்தது. வேறு பலவற்றுக்குச் சான்று குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. சிந்தனைக் குழப்பம் தொடர்பான முடிவை வுட், கார்ப் உள்ளிட்ட விமர்சகர்களும் 2015-இல் ஏற்றனர்.

எனவே, மனச்சிதைவு போன்ற நோய் உள்ளதா என்ற ஐயம் எழும்போது மைத்தடச் சோதனை பயன்படக்கூடும். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றை இதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

மொழி ஏன் முக்கியம்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இவர்களுள் ஒருவர் படத்தைப் பார்த்து, 'இவன் சங்கடத்தோடு நிற்கிறான்' என்று சொல்வதாகக் கொள்வோம். தமிழில் சங்கடம் என்பது தர்மசங்கடத்தையோ தொல்லையையோ குறிக்கும். மலையாளத்தில் அதே சொல்லுக்குத் துயரம் என்று பொருள். மலையாளத்தை மட்டும் அறிந்தவர் பதிவு செய்தால், கூச்சம் துயரமாக மாறிவிடும். இத்தகைய பல பதில்கள் சேர்ந்தால் அறிக்கையின் போக்கே மாறக்கூடும். சரியா, தவறா என்று விடையளிக்கும் வினாத்தாளைவிட, சொந்தச் சொற்களில் பேச வேண்டிய சோதனையில் இந்த ஆபத்து அதிகம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

மனநோய் உள்ளதா என்பதைத் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட மருத்துவத் தர அளவுகளின்படியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். நேர்காணல், குடும்பத்தினர் தரும் தகவல், பிற சோதனைகள் ஆகியவற்றுடன் சேர்த்தே புறத்தேற்றுச் சோதனையின் முடிவைப் பார்க்க வேண்டும்.

சோதனையின் நோக்கம் என்ன, அதை நடத்துபவர் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரா, தாய்மொழியில் பதில் அளிக்கலாமா ஆகிய மூன்றையும் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. தமக்குரிய மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையையும் அச்சட்டம் நோயாளிக்கு அளிக்கிறது.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இச்சேவை தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது.