கணையத் தலையில் கட்டி: எல்லாமே புற்றுநோய் அல்ல

மஞ்சள் காமாலை, எடை இறக்கம், சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குடும்பமே இடிந்துபோகிறது. பல நேரம் அந்தப் பயம் நிஜமாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் புற்றுநோய் என்று கருதி, கணையத் தலையோடு முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் எடுத்துவிடும் 'விப்பிள்' அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 100-க்கு 5 முதல் 10 பேருக்குப் புற்றுநோயே இல்லை என்று பிறகு தெரியவருகிறது.

நம் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது நாள்பட்ட கணைய அழற்சி. வீங்கித் தழும்பேறிய கணையம் பித்தக் குழாயை நெருக்கினால் காமாலை வரும். ஸ்கேனிலும் கட்டி போலவே தெரியும். இதில் ஒரு வகை, குடிப்பழக்கமே இல்லாத இளவயதினரைப் பிடிக்கும். கணையக் குழாயில் கற்கள் சேரும், அடுத்துச் சர்க்கரை நோயும் வரும். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளிடம் கண்டு எழுதினார். அப்போது மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடு சேர்மங்கள்மீது சந்தேகம் விழுந்தது. கல்வராயன் மலையிலும் சின்னசேலம் வட்டாரத்திலும் மரவள்ளி போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பின்வந்த ஆய்வுகளில் அந்தச் சந்தேகம் உறுதிப்படவில்லை. பல நோயாளிகளிடம் 'ஸ்பிங்க்1' என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. சாராயத்தின் கதை வேறு. அது கணையத்தைக் கெடுப்பதில் ஐயமே இல்லை.

அடுத்தது காசநோய். கணையத்தைச் சுற்றியுள்ள நெறிகட்டிகளில் அது தங்கினால் ஸ்கேன் படம் புற்றுநோயை அச்சாக ஒத்திருக்கும். எண்டோஸ்கோப்பி வழியே அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஊசியால் திசு எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் பிடிபடும். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாத்திரைகளைப் பொதுவாக 6 மாதம் சாப்பிட்டால் குணமாகும். தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்று இன்னொன்று உண்டு. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருப்பதை 2001-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரங்களில் வீக்கம் வடியும்.

கணையப் புற்றுநோயைச் சந்தேகித்தால் எடுக்கும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக்கூடாது. பித்தம் அடைபட்டாலே அந்த எண் ஏறும். புற்றுநோய் இருந்தும் சிலருக்கு ஏறவே ஏறாது.

திசுப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. ஊசி சரியான இடத்தைத் தொடாமலும் போகலாம். படம் சந்தேகத்தை உறுதியாகக் காட்டினால், திசு முடிவுக்குக் காத்திராமல் அறுவைக்குப் போகச் சொல்வதும் முறைதான். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கைக்கு எட்டிய சிகிச்சையைக் கெடுக்கும். கணையக் கல் உள்ளவர்களுக்கும் மற்றவர்களைவிடப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்பதால், பழைய வலி திடீரென்று தன்மை மாறினாலோ எடை இறங்கினாலோ மறுபடியும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.